மாறிட்டேனா, மாறிட்டோமா

ஜூன் 3, திங்கள்

இதை வாசிக்கப்போகும் உத்தமர்களே, வலது கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிறேன்: இனி நான் எழுதப்போவதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்பவும் கூடாது. நம்பினால் உங்கள் புத்தியைப் பற்றி எனக்குச் சந்தேகம் வரும். தக்கலை சிகாமணி சவுண்ட் சர்வீஸின் ஏகபோக உரிமையாளனும், 'ஹலோ மைக் டெஸ்டிங்' என்று ஒருமுறை சொன்னால் கடலுக்கு அப்பால் மாலத்தீவில் தேங்காய் உதிர்கிற குரலுக்குச் சொந்தக்காரனுமாகிய ஞானசிகாமணி, ஐம்பத்து நான்கு வயதில், ஆங்கில மொழியைத் தனி ஆளாக மடக்கிப் பிடித்துக் கட்டிப்போட்ட வரலாறு இது.

காரணம் சிறியது. என் மனைவி ரோஸ்லெட் இங்கிலாந்தில் லீட்ஸ் என்கிற ஊரில் நர்ஸ். போய் நாலு வருடம் ஆகிறது. நானும் அங்கே போய் அவளோடு குடியிருக்க வேண்டுமானால், ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசிக் காட்டித் தேற வேண்டுமாம். "பரீட்சைய எழுதிட்டு வந்து சேருங்க" என்று அவள் சொன்னாள். சொன்னது போன வருடத்துக்கு முந்தின வருடம். நடுவில் மழை, திருவிழா, ஆம்ப்ளிஃபயர் கோளாறு என்று பேரிடர்கள் பல. இப்போது தேதி வாங்கிவிட்டேன். ஜூலை முதல் வாரம், சென்னையில்.

பேக்கரி மாடியில் வகுப்பு. பெஞ்சு முழுக்க வெளிநாடு போகிற நர்ஸ் பிள்ளைகள். அதில் என் அக்கா மகள் ஜெபாவும் ஒருத்தி. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"மாமா, பன்னு கடை கீழயாக்கும்."

"பன்னு தின்ன வரல மக்ளே. படிக்க வந்தேன்."

அன்றைய சிரிப்பில் மேற்கூரைத் தகரம் எட்டடி மேலே போய், யோசித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தது. அந்த நிமிடம் முதல் வகுப்பு முழுவதற்கும் நான் மாமா.

ஜூன் 5, புதன்

ஆசிரியை பெயர் பெனிட்டா. வயது இருபத்தெட்டு இருக்கலாம். அவர் சாக்பீஸைக் கையில் எடுத்தால் வெள்ளைக்காரர்களே எழுந்து நின்று தங்கள் இலக்கணத்தைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

"உங்க வீட்டுக்காரம்மாவப் பத்தி ஒரு சென்டன்ஸ் சொல்லுங்க சார்."

"மை வைஃப் வர்க் இன் ஹாஸ்பிடல்."

"எஸ்ஸு எங்க சார்? ஷீ வர்க்ஸ்."

"அவ லீட்ஸ்ல இருக்கா டீச்சர், நான் இங்க இருக்கேன். எஸ்ஸும் அவகிட்டதான் இருக்கும்."

சிரித்தார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. நம் வினைச்சொல் நிறைகுடும்பம். 'வந்தாள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வந்தது பெண், ஒருத்தி, வந்தாகிவிட்டது என்று எல்லாத் தகவலும் உண்டு. ஆளைத் தனியாகச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. ஆங்கில வினைச்சொல் வீட்டில் எப்போதோ கள்ளன் புகுந்து வழித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். ஓடுகிற அவசரத்தில் ஒரே ஒரு எஸ் கீழே விழுந்திருக்கிறது. அதைத்தான் ஹீ, ஷீ, இட் என்று மூன்று பேர் முறைவைத்து உடுத்துகிறார்கள்.

மாலையில் மரச்சீனிக்கிழங்கு அவித்தேன். உப்பு கூடிவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

நாலரைக்கு ரோஸ்லெட் அழைத்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்து அவள் அழைக்கும் நேரம் அதுதான். அங்கே மழை. இங்கேயும் மழை. இரு நாட்டு வானிலை அறிக்கையும் சுருக்கமாக வாசிக்கப்பட்டன. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் அவளோடு இருந்த மலையாளிப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்களாம். நான் வகுப்புக்குப் போவதைச் சொன்னேன். "ம்" என்றாள். லீட்ஸ் நகரமே கைதட்டியதாக அந்த 'ம்'மை எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

வழக்கமாக நடப்பதற்குச் சாதாரண நிகழ்காலமாம். டீச்சர் உதாரணம் கேட்டார். 'மை வைஃப் கால்ஸ் மீ எவ்ரி சண்டே.' எஸ் விடாமல் சொன்னேன். பலகையில் எழுதிப் போட்டார். பூகோளம் ஒரு நொடி சுழலாமல் நின்று பார்த்தது.

ஜூன் 14, வெள்ளி

இறந்தகாலம் தொடங்கியது. ஒழுங்கான வினைச்சொல்லுக்கு வாலில் 'இ-டி' ஒட்டினால் போதும், நேற்றாகிவிடும். 'வாக்கெட்!' என்று நான் முழங்கியதில் கீழே ஓவன் கதவு தானாகத் திறந்து முந்நூறு பன் பயந்து எழும்பி நின்றன.

"வாக்கெட் இல்ல சார். வாக்ட்."

"ராக்கெட்டுக்கு மட்டும் என்ன டீச்சர் சலுகை?"

"அது வெர்ப் இல்ல மாமா, வாணம்," என்றாள் ஜெபா.

டீ, டி என்று முடிகிற வினைக்கு மட்டும் கடைசி வாலை முழுசாகச் சொல்லலாமாம். வான்டட். நீடட். வெயிட்டட். இந்த மூன்றும் எனக்கு முதல் தடவையிலேயே சுத்தமாக வந்தன.

பிறகு என் மகத்தான கண்டுபிடிப்பை வெளியிட்டேன். ஒழுங்கானது, ஒழுங்கில்லாதது என்று வெள்ளைக்காரன் திணறுகிற காரியத்தை நாம் எப்போதோ முடித்துவிட்டோம். வாக் பண்ணினேன், குக் பண்ணினேன், டிரைவ் பண்ணினேன். டிரைவுக்கு டிரோவ் என்று தனிப் பட்டியல் மனப்பாடம் பண்ண வேண்டாம். 'பண்ணு' என்ற ஒரே ஒரு குத்தூசியால் அவர்கள் அகராதி முழுவதையும் குத்திக் கூடையில் போட்டாயிற்று.

"பரீட்சையில பண்ணினேன்னு சொன்னா உங்கள வெளிய பண்ணிருவாங்க சார்," என்றார் டீச்சர்.

ஜூன் 16, ஞாயிறு

அழைப்பு இல்லை. இங்கிலாந்தில் இந்த வாரம் ஞாயிற்றுக்கிழமையை ரத்து செய்திருக்க வேண்டும்.

ஜூன் 18, செவ்வாய்

காலையில் ரோஸ்லெட்டிடமிருந்து ஃபோனில் செய்தி. தமிழில் தட்டச்ச அவளுக்குப் பொறுமை கிடையாது, எப்போதும் ஆங்கிலம்தான். இன்று ஒரே வார்த்தை.

'ஷிஃப்டட்.'

வீடு மாறியாகிவிட்டது. நல்ல செய்தி. வாலை முழுசாக உச்சரிக்க வேண்டிய வினை. டீயில் முடிகிறதல்லவா. கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டுக் கோழிக்குத் தீவனம் வைத்தேன். கோயில் வளாகத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் இரண்டையும் இறக்கித் துடைத்தேன். ஒன்றில் குளவி கூடு கட்டியிருந்தது.

துடைக்கும்போதுதான் தோன்றியது. மாறியது யார்?

தமிழில் போட்டிருந்தால் 'மாறிட்டேன்' என்றிருக்கும். அல்லது 'மாறிட்டோம்' என்றிருக்கும். சொல்லாமல் தப்பிக்க வழியில்லை, வால் காட்டிக்கொடுத்துவிடும். இது 'இ-டி'. ஒற்றை ஆளுக்கும் பொருந்தும், ஊருக்கும் பொருந்தும். முன்னால் ஒரு 'ஐ' போட்டிருக்கலாம், அல்லது 'வீ' போட்டிருக்கலாம். அவசரம் போலிருக்கிறது.

கூட இருந்த பிள்ளைகள் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். எனவே இது வெறும் இலக்கணச் சந்தேகம்.

ஜூன் 19, புதன்

வகுப்பில் பொதுவாகக் கேட்டேன்.

"டீச்சர், ஷிஃப்டட்னு மட்டும் ஒருத்தர் எழுதினா, எத்தன பேரு ஷிஃப்ட் ஆனாங்க?"

"சப்ஜெக்ட் வேணும் சார். சப்ஜெக்ட் இல்லாம எப்பிடிச் சொல்ல?"

"வெர்ப்ப மட்டும் வச்சுக் கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லியா? பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாக்கூட?"

"இல்ல சார். ஐ ஷிஃப்டட், வீ ஷிஃப்டட், தே ஷிஃப்டட், எல்லாம் ஒண்ணுதான். ரெகுலர் வெர்ப்ல அதான் வசதி."

வசதி என்று சொன்னார். நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஜூன் 21, வெள்ளி

வகுப்பு முடிந்து படி இறங்கும்போது ஜெபா என் பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மாமா, அந்த ஷிஃப்டட் யாரு அனுப்பினது?"

"ஒரு சிநேகிதன்."

"உங்களுக்கு இங்கிலீஷ்ல மெசேஜ் அனுப்புத சிநேகிதன் எவன்? மாமிதான?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஃபோனப் போட்டுக் கேளுங்க. 'ஏட்டி, தனியாவா மாறினே, கூட யாரும் உண்டா'ன்னு. ஒரு நிமிசத்துல முடியும்."

"இருவத்திரண்டு வருசம் கெட்டி வாழ்ந்தவ கிட்ட அப்பிடிக் கேக்க முடியுமா மக்ளே? கேட்டுட்டா, கேட்டதாயிரும்லா."

ஜெபா சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். பிடுங்கிய ஒன்றை அவள் திருப்பிக் கொடுத்தது அவள் பிறந்த பிறகு இதுதான் முதல் தடவை. அரசு விடுமுறை அறிவித்திருக்கலாம்.

ஜூன் 23, ஞாயிறு

அழைப்பு இல்லை. குளவிக் கூட்டை அகற்றினேன். ஒன்றுதான் கொட்டியது. வீக்கத்தைப் பார்த்தவர்கள், எனக்குத் தோளில் இரண்டாவது தலை முளைத்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

ஜூன் 27, வியாழன்

பயிற்சி. ஐ ஷிஃப்டட். யூ ஷிஃப்டட். ஹீ ஷிஃப்டட். ஷீ ஷிஃப்டட். வீ ஷிஃப்டட். தே ஷிஃப்டட்.

ஷீயும் ஹீயும் தனித்தனியாக மாறினால் பயமில்லை.

ஜூன் 30, ஞாயிறு

அழைத்தாள். மாறி மாறி டூட்டியாம், அதனால்தான் அழைக்க முடியவில்லையாம். வானிலை அறிக்கை: இரு நாட்டிலும் மேகமூட்டம். புது வீடு எப்படி என்று கேட்கலாம் என்று நான் தொண்டையைக் கனைத்தபோது அங்கே யாரோ கதவைத் தட்டினார்கள். "வச்சிருதேன்" என்றாள்.

கதவைத் தட்டுகிறார்கள் என்றால் வெளியே இருக்கிறார்கள். உள்ளேயே இருப்பவர் தட்ட மாட்டார். உலகத் துப்பறியும் நிபுணர்கள் நூறு ஆண்டு தலையைப் பிய்த்தாலும் எட்ட முடியாத முடிவு இது. அதன் பலத்தில் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தேன்.

ஜூலை 5, வெள்ளி

சென்னை. தேர்வு.

கண்ணாடி அறை. எதிரே கோட்டுப் போட்ட ஒரு மனிதர். என்னைக் கண்டதும் அவர் நடுங்கி நாற்காலியின் இரு கைகளையும் பற்றிக்கொண்டதாக எழுதத்தான் ஆசை. உண்மையில் நாற்காலிக்குக் கை இல்லை.

வீடு, சாப்பாடு, வேலை என்று கேட்டார். ஐ ரன் எ சவுண்ட் சர்வீஸ் என்று தொடங்கி ஆம்ப்ளிஃபயரின் உள்ளுறுப்புகள் வரை விளக்கினேன். எல்லா எஸ்ஸும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. 'யெஸ்டர்டே ஐ குக்ட் ஃபிஷ் கறி' என்றபோது அவருக்கு நாக்கில் நீர் ஊறியதைப் பார்த்தேன்.

பிறகு கேட்டார்: "வேர் டஸ் யுவர் வைஃப் லிவ்?"

"ஷீ லிவ்ஸ் இன் லீட்ஸ். ஷீ ஷிஃப்டட்."

"டஸ் ஷீ லிவ் அலோன்?"

படித்த பாடத்தில் இது இல்லை. யெஸ் என்றாலும் மதிப்பெண் உண்டு, நோ என்றாலும் உண்டு. சரியான வாக்கியமாக இருந்தால் போதும், உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். நானோ புளுகுவதில் மாவட்ட சாம்பியன். வாயைத் திறந்தேன்.

"ஐ டோன்ட் நோ, சார்."

அவர் பேனாவை வைத்தார். "யூ டோன்ட் நோ?"

"ரெகுலர் வெர்ப், சார். இட் டசன்ட் சே."

பேனாவைத் திரும்ப எடுத்து, உங்களுக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்டார். நீலம் என்றேன். எனக்கு அப்படி எந்த நிறமும் பிடிக்காது.

ஜூலை 8, திங்கள்

பிற்பகல் இரண்டு மணிக்கு முடிவு வந்தது. தேறிவிட்டேன்!

பக்கிங்காம் அரண்மனையில் என் விருந்துக்கு உலை வைத்திருப்பார்கள். ஜெபாவுக்குச் சொல்லும் முன்னால் ரோஸ்லெட்டுக்குச் செய்தி அனுப்பினேன். அவள் பாணியிலேயே ஒற்றை வார்த்தை. பாஸ் என்பதோடு இ-டி. முற்றுப்புள்ளியும் வைத்தேன்.

'பாஸ்ட்.'

அரை நிமிடம் ஆகவில்லை. திங்கட்கிழமை அழைக்காதவள் அழைத்தாள்.

"யாரு? ஏங்க, யாரு போனா?"

"எங்க போனா?"

"பாஸ்ட்னு போட்டிருக்கியளே! இங்க ஆளு செத்தா அப்பிடித்தான் சொல்லுவாவ. யாருன்னு சொல்லுங்க."

"யாரும் சாவல. பரீட்சையில பாஸ் ஆயிட்டேன். அதாக்கும்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "ஜெபா உங்க ஃபோன்ல இருந்து போட்டாளோன்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

"அப்போ போனது நானுன்னா நெனச்சே?"

"ம். ஒத்த வார்த்தையில யாராவது மெசேஜ் போடுவாவளா? யாரு, என்னன்னு போடண்டாமா? இங்க வார்டுல வச்சு எனக்குக் கையும் காலும் ஓடல."

கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் வராது. தமிழில் கேட்க வாய் வரவில்லை. 'மாறிட்டியா' என்றால் ஒருத்தி. 'மாறிட்டியளா' என்றால் கூட ஆள் உண்டு. எதைக் கேட்டாலும் நானே ஒரு முடிவு கட்டிக் கேட்டதாகிவிடும். இங்கேதான் ஆங்கிலம் கைகொடுத்தது. யூ என்றால் ஒருவருக்கும் யூ, பலருக்கும் யூ.

"யூ ஷிஃப்டட்?"

"என்னது?"

"அன்னைக்கு மெசேஜ் போட்டியே. யூ ஷிஃப்டட்?"

"ஓ. ஆமா, மாறிட்டேன்."

'ஏன்' விகுதி! மாறிட்டே-ன்! தன்மை, ஒருமை! அந்த ஒற்றை 'ன்'னுக்காகக் கன்னியாகுமரி முதல் களியக்காவிளை வரை என் செலவில் ஆயிரம் குழாய் ஸ்பீக்கர் கட்டுவேன். இருபத்தொரு குண்டு முழங்கட்டும். கோழிகளுக்கு இன்று அரிசிச் சோறு. 'அப்பிடியா, நல்லது' என்று மட்டும் சொன்னேன்.

"சின்ன ரூமாக்கும். ஒரு கட்டிலு, ஒரு மேச. ஒரு ஆளுக்குத் தாராளம்."

"ரெண்டு ஆளுக்கு?"

"ஒத்த ஆளுக்குத்தான் விடுவாராம் வீட்டுக்காரரு. ஒரு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு."

"இந்த மாசம் பரீட்சைன்னு சொல்லியிருந்தேன்லா."

"சொன்னிய. மொதல்ல எங்க வீட்டுல ஆறு பேரு. அப்புறம் படிக்கப் போன எடத்துல ஆஸ்டலு. அப்புறம் உங்க வீடு. இங்க வந்தும் ஆஸ்டலு மாதிரிதான். எனக்குன்னு ஒரு ரூம் இருந்ததே இல்லங்க. பூட்டிட்டுச் சும்மா இருக்கணும்னு தோணிச்சு."

"பூட்டு நல்ல பூட்டா?"

"ம். நல்ல பூட்டுதான்."

பூட்டு நல்லதாக இருப்பது அவசியம். வெளியூர் பாருங்கள்.

ஜூலை 10, புதன்

ஜெபா கேக்கோடு வந்தாள். அவளிடம் ஒருமை பன்மை விவகாரம் சுபமாக முடிந்ததைச் சொன்னேன். துள்ளினாள். அறையைப் பற்றியும் சொன்னேன். துள்ளல் நின்றது.

"மாமா, விசாவுக்கு ரெண்டு பேரும் தங்க எடம் உண்டுன்னு மாமி காட்டணுமாக்கும். ஒத்த ஆளு ரூம வச்சு அப்ளை பண்ண முடியாது."

"அப்பிடியா?"

"மாமிக்கு அது தெரியும். எங்களுக்கெல்லாம் அதச் சொல்லித்தந்ததே மாமிதான்."

கேக் நன்றாக இருந்தது. க்ரீம் கொஞ்சம் கூடுதல்.

"வேற வீடு பாக்கச் சொல்லுங்க மாமா."

"சொல்லலாம்."

"எப்போ?"

நாளைக்கு எதிர்காலம் எடுக்கிறார்களாம், டீச்சர் என்னையும் வரச் சொன்னார் என்றேன். தேறிய பிறகும் வகுப்பா என்று ஜெபா கேட்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 14, ஞாயிறு

நாலரைக்குச் சரியாக மணி அடித்தது. இன்று வானிலை அறிக்கை இல்லை. அவள் அறையைப் பற்றியே பேசினாள். ஜன்னலைத் திறந்தால் ஒரு மைதானம், அதில் நாய்களை நடத்திக்கொண்டு போகிறார்கள், சாயங்காலம் மேசை மேல் வெயில் விழுகிறது, யாரும் கூப்பிடாமல் தூங்கி எழுந்தேன் என்றெல்லாம் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை. குரலில் கரகரப்பே இல்லை. நடுவில் நான் ஒரு 'ம்' கூடப் போடவில்லை, வரத்து தடைபட்டுவிடும் என்று.

முடிவில், "அப்போ நானு..." என்று தொடங்கினேன். வாக்கியத்துக்கு எழுவாய் இருந்தது. வினைச்சொல்தான் வரவில்லை.

அவள் ஜன்னலுக்கு வெளியே ஒரு நாய் குரைத்தது.

"அடுத்த ஞாயிறு கூப்பிடுதேன், என்ன?" என்றாள்.

"சரி" என்றேன்.

வாசக மகாஜனங்களே, இந்தக் குறிப்புகளில் முக்கால்வாசிக்கு மேல் நான் காற்றடித்து ஊதியது. முதல் நாளே எச்சரித்துவிட்டேன், என் மேல் வழக்குப் போட முடியாது. பெரிதாக இருப்பது எதையும் நம்ப வேண்டாம். சின்னதாக ஒன்று மட்டும், கூட்டாமல் குறைக்காமல், நடந்தபடியே இருக்கிறது. அவள் 'நீங்க வரண்டாம்' என்று சொல்லவில்லை.